ஒரு கூடை சிராய்

கோடாலி விறகுக்குள் இறங்கியவரைக்கும் சரி. திரும்பி வர மறுத்துவிட்டது.

தீப்பெட்டி ஆலை மேலாளர் பிடியைப் பிடித்து இழுத்தார். விறகும் கூடவே வந்தது. விறகை மிதித்துக்கொண்டு இழுத்தார். செருப்பு கழன்று வந்தது. விறகோடு சேர்த்துக் கோடாலியைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கி ஒரு போடு போட்டார். இந்த முறை பிடி தனியாகக் கையில் வந்தது.

எல்லாம் காலையில் காபி குடித்த நேரத்தில் வந்த வினை.

"தினமும் அடுப்புக்குச் சிராய் பிளந்து பிளந்து என் தோளே கழண்டு போச்சு" என்று மனைவி சொன்னாள். வானிலை அறிக்கை மாதிரி அது தினசரி வருவதுதான். காதில் வாங்கிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். ஆனால் மேலாளருக்கு நாக்கில் சனி.

"நாலு குச்சி பிளக்கறதுக்கு இவ்வளவு பாட்டா? எங்க ஆலையில கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எத்தனை குச்சி வெட்டித் தள்றோம் தெரியுமா? குச்சியைப் பத்தி என்கிட்டயே பேசறியே!"

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த சத்தமே சரியில்லை.

"அப்படியா? நான் இன்னிக்கு எங்கக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் வர்றப்போ இந்தக் கூடை நிறையச் சிராய் இருக்கணும். விரல் தடிமன், சாண் நீளம், நல்லாக் காய்ஞ்சது. இருந்துச்சுன்னா இனிமே ஆயுசுக்கும் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"இல்லேன்னா?"

"நாளையில இருந்து விடியக்காலம் நீங்க எழுந்து, நீங்க பிளந்து, நீங்க அடுப்பு மூட்டி, காபி போட்டுக் கொண்டாந்து என்னை எழுப்பணும். அதுவும் ஆயுசுக்கும்."

குளிர்கால விடியலைப் பற்றி மேலாளருக்குக் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. கம்பளிக்குள் கிடக்கும்போது கொல்லைப்புறத்திலிருந்து 'டொக்... டொக்...' என்று சத்தம் வரும். அதைத் தாலாட்டாக வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் புரண்டு படுப்பார். அவர் எழுந்து வரும்போது கூடை நிறைந்திருக்கும், இரும்பு அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருக்கும். வாழ்க்கையில் அவர் சுகித்த சுகங்களில் அந்தப் புரளலுக்கு ஈடு எதுவும் இல்லை. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

"பந்தயம்!" என்றார், ஆண்டுவிழா மேடைக் குரலில்.

மனைவி தெருமுனை தாண்டியதும் கொல்லைப்புறம் போய், ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போலக் கருவிகளைப் பார்வையிட்டார். கோடாலியில் துரு ஏறியிருந்தது. அதன் முனை வெண்ணெயைக்கூட யோசித்துத்தான் வெட்டும். விறகை நிறுத்திப் பிளப்பதற்கான அடிக்கட்டையில் ஒரு கீறல் கிடையாது. நடுவில் மட்டும் வழுவழுவென்று ஒரு பள்ளம்.

மேலாளர் அசந்துபோனார். 'விறகு பிளக்கிறது, அடிக்கட்டையில் கோடுகூட விழவில்லை. அதுவும் இந்த மொண்ணைக் கோடாலியால்! என்ன கைத்திறன், என்ன பலம்!' இனிமேல் மனைவியோடு வாக்குவாதம் வந்தால் கைக்கெட்டாத தூரத்தில் நின்று பேசுவது என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டார்.

பிறகுதான், விறகில் ஏற்கெனவே இருந்த ஒரு வெடிப்பைக் குறிபார்த்து முழு பலத்தையும் இறக்கி, மேலே சொன்ன கதிக்கு ஆளானார்.

ஆனால் அவர் சாதாரண ஆளா? நிர்வாகி. தன்னால் முடியாத வேலையை இன்னொருவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வதற்குத்தானே நிர்வாகம் என்று பெயர். ஆலை ஃபிட்டருக்குப் போன் போட்டார்.

"சார், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை..."

"அவசரம்யா!"

"ஐயையோ, ஆலையில தீ பிடிச்சிருச்சா சார்?"

"தீ பிடிக்கணும். என் வீட்டுல. அதுக்குத்தான் கூப்பிடறேன். வர்றவங்களுக்குச் செய்முறை காட்ட ஒரு சின்னக் குச்சி வெட்டற மெஷின் இருக்கே, அதை எடுத்துக்கிட்டு வா."

"சூப்பர் சார்!"

ஃபிட்டர் அந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே மூன்று பதவி உயர்வு வாங்கியவன். மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"நம்ம ஆலையில முதல் வேலை என்ன?" என்று கேட்டார் மேலாளர்.

"டீ குடிக்கிறது சார்."

"மரத்தை என்ன பண்றோம்னு கேட்டேன்!"

"ஊற வைக்கிறோம் சார். ஈர மரம்தான் மெஷின்ல வழுக்கிக்கிட்டுப் போகும்."

"அப்ப ஊற வை."

"சூப்பர் சார்! எத்தனை கட்டை?"

"எல்லாத்தையும் போடு. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது."

குளிர்காலம் முழுமைக்கும் மனைவி பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த காய்ந்த விறகு மொத்தமும் குளியல் தொட்டியிலும் தண்ணீர் டிரம்களிலும் இறங்கியது. இருவரும் டீ குடித்தார்கள். மதியம் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், டிரம்மில் நெருக்கித் திணித்த கட்டைகள் ஊதிப்போய் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அசைத்தார்கள், ஆட்டினார்கள், கடைசியில் டிரம்மையே கவிழ்த்தார்கள். கட்டைகள் வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்து, கொல்லைப்புறத்தைக் கடந்து சமையலறைக்குள் போய்ப் பார்த்தது.

குளியல் தொட்டியிலிருந்து நாலு கட்டைகளைத் தேற்றிக்கொண்டு மெஷினை ஓட்டினார்கள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. குச்சிகள் பறந்தன. சர்க்கரை டப்பாவுக்குள் விழுந்தன, ஃபிட்டரின் சட்டைப் பைக்குள் விழுந்தன. சுவரில் 'சிறந்த மேலாளர்' கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருந்த மேலாளரின் புகைப்படத்தில் மீசைக்கு மேலே இன்னொரு மீசையாக ஒன்று ஒட்டிக்கொண்டது. கூடையும் நிறைந்தது.

மேலாளர் ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தார். விரல் தடிமனில் இல்லை, சாண் நீளத்தில் இல்லை. அச்சு அசல் தீக்குச்சி. மருந்து வைக்காதது ஒன்றுதான் குறை.

"இதைப் பெருசா வெட்ட வைக்க முடியாதா?"

"இது தீப்பெட்டிக்குன்னே பொறந்த மெஷின் சார். வேற எதுவும் தெரியாது. நம்மள மாதிரிதான்."

"பரவாயில்லை. கத்தை கத்தையாக் கட்டிட்டா விரல் தடிமன் வந்துடும். ஆனா சொட்டச் சொட்ட இருக்கே. ஆலையில எப்படி உலர்த்தறோம்?"

"சூடான அறையில சார்."

"அப்ப அடுப்பை மூட்டு."

"சூப்பர் சார்! மூட்டறதுக்குக் கொஞ்சம் சிராய் குடுங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தபடியாக மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவி களத்தில் இறங்கியது. ஈரக் கையோடு ஃபிட்டர் அதைச் செருகினான். 'பட்'டென்று ஒரு சத்தம். வீட்டில் ஃபியூஸ் போனது. மேலாளருக்கு நம்பிக்கை போனது.

சாயங்காலம் நெருங்கியது. ஃபிட்டர் புது ஃபியூஸ் போட்டு, கோடாலிக்குப் பிடியை மாட்டி, தரையைத் துடைத்து, தீக்குச்சி மூட்டையையும் மெஷினையும் வண்டியில் ஏற்றினான். ஊறிப்போன விறகைத் தார்ப்பாய் போட்டு மூடினான். "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு சார். சூப்பர் சார்!" என்று சொல்லிவிட்டு, ஏதாவது நடப்பதற்குள் கிளம்பிவிட்டான்.

மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டு, தெருத் திருப்பத்தில் இருந்த விறகுக்கடைக்கு ஓடினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. தீப்பெட்டி ஆலை மேலாளர் சிராய் வாங்குவதாவது!

"ஒரு கட்டுச் சிராய் குடுங்கம்மா, சீக்கிரம்."

"தீந்துபோச்சு சார்" என்றாள் கடைக்காரி.

"அதோ மூலையில ஒண்ணு இருக்கே!"

"அது வாடிக்கைக்கு எடுத்து வெச்சது. தர முடியாது."

"அம்மா, தாயே, என் மிச்ச வாழ்க்கையே அந்தக் கட்டுலதான் இருக்கு. வீட்டுல அவ வர்ற நேரம்." குரல் தழுதழுத்தது. கண்ணில்கூட ஏதோ மினுங்கியது.

கடைக்காரி இளகினாள். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எடுத்துக்கிட்டுப் போங்க. இதென்ன சார், கோட்டுக்குள்ள ஒளிக்கிறீங்க? சிராய் வாங்க வர்ற பெரிய வீட்டு ஆளுங்க எல்லாம் ஏன்தான் திருட்டுப் பொருள் மாதிரி மறைக்கிறீங்களோ!"

மனைவி வந்தபோது கூடை நிறைந்திருந்தது. மேலாளர் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் களைத்துப்போன வீரரைப் போலச் சாய்ந்திருந்தார்.

மனைவி ஒரு சிராயை எடுத்தாள். விரலோடு வைத்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"நீங்களே பிளந்தீங்களா?"

"பின்ன, உங்கக்கா வீட்டுக்காரர் வந்தா பிளந்தாரு?"

"இல்ல... அச்சு அசலா நான் பிளந்த மாதிரியே இருக்கு."

வெற்றி பெற்ற மனிதனுக்குப் பெருந்தன்மை வரும். மேலாளருக்கும் வந்தது. "ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். கஷ்டமான வேலைதான். உன் கோடாலியைப் பார்த்தேன், அடிக்கட்டையையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை! உன் கை கையே இல்ல, மெஷின்!"

மனைவிக்குப் புரையேறியது. "அதெல்லாம்... ஒரு பழக்கம்தாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, நான் தோத்துட்டேன். இனிமே வாயைத் திறக்கல."

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முறைகூடச் சொல்லாத வார்த்தை. மேலாளர் கண்ணை மூடி, நாளைக் காலையில் புரளப்போகும் புரளலை இப்போதே அனுபவிக்க ஆரம்பித்தார்.

கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

மேலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். விறகுக்கடைக்காரி!

"நான் பார்க்கறேன்!" என்று பாய்ந்தார்.

"வேணாம், நான் பார்க்கறேன்!" என்று மனைவி அவரைவிட வேகமாகப் பாய்ந்தாள். அவள் ஏன் பாய்கிறாள் என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. மனைவியின் கை தாழ்ப்பாளை முதலில் தொட்டுவிட, அவர் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. மனைவி உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினாள். கடைக்காரி இருட்டில் எதையும் கவனிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா! உங்களுக்குன்னு தினமும் எடுத்து வைக்கிற சிராய்க் கட்டை, பொண்டாட்டிக்குப் பயந்த யாரோ ஒரு சார், பாவம், கண்கலங்கி வாங்கிட்டுப் போயிட்டாரு. காலையில நீங்க எப்பவும்போல வெறும் அடிக்கட்டையை டொக் டொக்குனு தட்டிக்கிட்டு இருங்க, உங்க வீட்டுக்காரர் எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் சிராயைக் கொண்டாந்துடறேன்!"