சுந்தரிக்குப் போட்ட சிப்

பூனையைப் பார்த்தால் பூனை என்று எனக்குத் தெரியும். அது எந்தப் பூனை என்று கேட்டால்தான் திணறுவேன். இந்தக் குறையை இருபத்தாறு வயது வரை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் அக்காவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. போனால் சுந்தரியோடுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுந்தரி அவள் நான்கு வருடமாக வளர்க்கும் சாம்பல் வரிப் பூனை. "அந்தக் குளிர்ல எனக்குப் பேச்சுத்துணைக்கு வேற யார்டா இருக்காங்க?" என்பாள்.

பூனை அங்கே போக வேண்டுமென்றால் முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் போட வேண்டும். ஓர் அரிசி அளவுதான். அதற்குள் ஒரு எண் இருக்கும். அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு எல்லாம். ஒரு வாரம் பிசகினாலும் அவள் அங்கே, பூனை இங்கே.

சிப் போடும் நாளில் அக்காவுக்கு ஆன்லைன் மீட்டிங். "நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றேன் (இந்த வாக்கியத்துக்குப் பிறகு என் வாழ்க்கையில் நல்லது எதுவும் நடந்ததில்லை).

அன்று பௌர்ணமி. எங்கள் வீட்டில் சைவம். அதனால் சுந்தரி காலையிலேயே பக்கத்து வீட்டு நஸீமா அக்காவின் மீன் குழம்பைத் தேடிப் போய்விடுவாள். நஸீமா அக்காவின் ஷேரு எங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வந்துவிடுவான். அவனும் சாம்பல் வரிதான். மாதம் தவறாத இந்த இடமாற்றம் எங்கள் ஊரான வேங்கிக்காலில் தெருவுக்கே தெரியும். வீட்டிலிருந்தாலும் போனுக்குள்ளேயே குடியிருந்த எனக்கு மட்டும் தெரியாது.

சமையலறையில் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்த பூனையைக் கூடைக்குள் அமுக்கி ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் அது ஊரைக் கூட்டியது. கிரிவலம் போக வந்த அம்மா ஒருவர், "பூனைக்கும் வேண்டுதலாப்பா?" என்று கேட்டார்.

டாக்டர் ஊசியைப் போட்டார். கருவியை மேலே காட்டியதும் 'பீப்' என்றது. எண் வந்துவிட்டது. எனக்கு ராக்கெட் விட்ட பெருமை. அவர் படிவத்தை எடுத்தார்.

"பேரு?"

"சுந்தரி."

பூனையைப் புரட்டிப் பார்த்தார். "ஆண் பூனைங்க இது."

"பொண்ணுதாங்க. நாலு வருஷமா வளக்கறோம்."

"நான் பதினெட்டு வருஷமா பாக்கறேங்க" என்றார்.

படித்தவர் சொன்னால் ஏற்றுக்கொள்வது என் வழக்கம். இவ்வளவு பெரிய உண்மையைக் குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற பூரிப்பில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம சுந்தரி பொண்ணே இல்ல! பையன்!"

"போன வருஷம் மூணு குட்டி போட்டாளேடா!"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "டேய், சுந்தரி இப்பதான் மீன் வாசனையோட வந்து ஃப்ரிட்ஜ் மேல உக்காந்திருக்கா. நீ யாரைடா தூக்கிட்டுப் போன?" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இருந்தது அந்த ஒரு சிப்தான். அடுத்தது சென்னையிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றார். ஷேருவைத் திருப்பிக் கொடுத்தபோது நஸீமா அக்கா, "இவனுக்கு எதுக்குப்பா ஜெர்மனி? பாயசத்துக்கு அக்கம்பக்கம் போறதே ஜாஸ்தி" என்றார்.

கணக்கு பிசகியது பிசகியதுதான். அக்கா தனியாகத்தான் விமானம் ஏறினாள். என்னைத் திட்டக்கூட இல்லை. கூடையில் இருந்த சுந்தரியின் தலையைத் தடவி அழுதாள். நான் வெட்கத்தில் செத்தே போனேன். கார்த்திகை தீபத்துக்கு லீவில் வந்துதான் சுந்தரியை அழைத்துப் போனாள். அதுவரை நான்தான் தினமும் வீடியோவில் பூனையைக் காட்டினேன், குட்டிகளுக்குப் பிறகு செய்த கருத்தடைத் தழும்பு முதற்கொண்டு.

போன மாதம் என் மனைவிக்குப் பிரசவம். மாமியார் வீடு மொத்தமும் சூழ நின்றிருக்க, ஸ்பீக்கரில் போட்டு, "அக்கா, பொண்ணு பொறந்திருக்கா!" என்று கத்தினேன்.

"ரொம்ப சந்தோஷம்டா" என்றாள் அக்கா. "பக்கத்துல டாக்டர் இருந்தா போனைக் குடு."