ஏழு ஸ்பூன் உப்பு

லிப்ட் மெக்கானிக் அன்று சாயங்காலம் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கு சூப்பைக் கெடுத்தே தீருவது.

சமையல் பிடிக்காத மனுஷன் இல்லை அவர். உருளைக்கிழங்கும் பருப்பும் போட்டு ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிடுகிற சூப் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். அப்படி ஒரு ஞாயிறன்று தையல்கடை வைத்திருக்கும் மனைவி, "உங்க கைப்பக்குவம் எனக்கு வரவே மாட்டேங்குதுங்க" என்றாள். மகளும் ஒத்து ஊதினாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றோடு வாரத்தில் ஏழு சாயங்காலமும் கரண்டி அவர் கைக்கு வந்துவிட்டது. வேலை விட்டு வந்தால் அடுப்பு, அடுப்பை விட்டால் படுக்கை. ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரியே ஆகிப்போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை வாயில் வைக்க முடியாதபடி செய்துவிட்டால் அவளே கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டார்.

மூன்று ஸ்பூன் உப்பு. சீட்டியடித்தபடி மூடியைப் போட்டார். ரிப்பேர் பார்த்த லிப்டை ஆள் ஏற்றாமல் பத்து நிமிஷம் சும்மா ஓட்டிப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம். சூப்புக்கும் அதே மரியாதை. பத்து நிமிஷம் யாரும் தொடக்கூடாது. அதற்குள் குளித்துவிட்டு வந்து, ஒன்றும் அறியாத முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்.

மகள் ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்குப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. உப்பு?"

"கரெக்டா இருக்கு."

அவரும் குடித்துப் பார்த்தார். கரெக்டாகத்தான் இருந்தது.

மறுநாள் ஐந்து ஸ்பூன். மகள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாள். மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. உப்பு டப்பாவில் விரலை விட்டு நக்கினார். சந்தேகமே இல்லை, உப்புதான். ஒருவேளை தனக்குக் கெடுக்கவே வராதோ? தன் கையைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் ஏழு ஸ்பூன் போட்டுவிட்டு, குளிக்கப் போனவர் சோப்பு எடுக்கத் திரும்பி வந்தார். அடுப்படியில் ஒரு பெரிய அண்டா. அவருடைய சூப் முழுக்க அதில் இருந்தது. எதிர்வீட்டு அடுப்பில் உப்பில்லாமல் வெந்த உருளைக்கிழங்கை மகள் சட்டியோடு தூக்கி வர, மனைவி அதைக் கொட்டி, வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க போட்ட உப்புக்கு ஆள் சேக்கறேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். சீட்டியடிச்சுக்கிட்டா உப்பு போடுவாங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எதுக்குங்க? எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாலும், மறுநாள் எங்க ரெண்டு பேர் மத்தியான டப்பாவுக்கும் மிஞ்சுது. நான் காலையில அடுப்பைப் பத்தவச்சே ரெண்டு நாளாச்சு."

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தோத்துட்டேம்மா. தினமும் என்னால முடியலை. எனக்குப் பழையபடி ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்."

மனைவி கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தாள். "சரிங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சமைங்க."

அவ்வளவுதானா? ஜெயித்துவிட்டோமா, இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் சோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எங்க அண்ணனுங்க மூணு பேரையும் குடும்பத்தோட ஞாயித்துக்கிழமை தவறாம வரச் சொல்லிடறேன்" என்றாள். "நீங்க பதினஞ்சு ஸ்பூனாப் போட்டுடுங்க."