மீன் விருந்தில் நான் எழுந்து நின்றது பற்றி

உயர்திரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரோலண்ட் அவர்களுக்கு, அவருடைய அக்காவைக் கட்டிய உரிமையில் வெர்னன் எழுதுவது:

இங்கே நானும் உன் அக்கா மார்லீனும் நலம். அங்கே தலைநகர் லான்சிங்கில் நீயும் குடும்பமும் உன் பதவியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சான், எங்கள் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கப் படத்தை யாராவது வேலைமெனக்கெட்டு உனக்கு அனுப்பியிருப்பார்கள். 'தீனி மசோதாவை எதிர்த்து எழுந்து நின்ற ஊர்மக்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே முன்வரிசையில் காலித் தட்டோடு நிற்பது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் நான் மசோதாவை எதிர்த்து நிற்கவில்லை. கேக்குக்காக நின்றேன். தீனி வைத்து மான் சுட அனுமதிக்கும் அந்த மசோதாவுக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு ஆதரவாக வாக்களிக்க வேண்டும் என்ற என் நிலையில் எள்ளளவும் மாற்றமில்லை.

தீனி வைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் கூச்சல் போடுகிறார்கள். கேரட் மூட்டையைக் கொட்டிவிட்டு உடனே துப்பாக்கியைத் தூக்குவதா அது? தடை வருவதற்கு முன்னால் எத்தனை வருடம் செய்திருக்கிறேன்! அவசரப்பட்டால் காரியம் கெட்டது. அதே இடம், அதே நேரம், அதே தீனி. முதலில் மான் தூரத்திலேயே நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடும். அப்புறம் கூச்சத்தோடு ஓரமாக வந்து ஒரு வாய் தின்னும். அப்புறம் இது நம் இடம்தான் என்று நிம்மதியாகத் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பிக்கும். அப்போது ஒரே குண்டு, துடிக்கக்கூடத் துடிக்காது. யாராவது அதைக் கயிறு போட்டு இழுத்து வந்தார்களா? மானுக்கு மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. வேண்டாமென்றால் வராமல் இருக்கட்டுமே. இதை அப்படியே நீ சபையில் எடுத்துச் சொல்லலாம், என் பெயரையும் சொல்லலாம்.

இப்போது முழங்கால் விஷயம். சதுப்புக்காட்டில் தடம் பார்த்து நாளெல்லாம் நடந்தவன் நான். இன்றைக்கு வாசலில் இருக்கும் தபால் பெட்டி வரை போய்வருவதே பெரும்பாடு. காட்டோரத்தில் நான் பலகை அடித்துக் கட்டிய வேட்டைக் குடில் வரைக்கும் வண்டி போகும், அதற்கு மேல் என்னால் ஆகாது. மான் என்னைத் தேடி வந்தால்தான் உண்டு. இந்தச் சட்டம் வராவிட்டால், மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி ஊரே வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பும்போது, நான் வீட்டில் உட்கார்ந்து பாத்திரம் துடைக்க வேண்டியதுதான். நினைத்தாலே அழுகை வருகிறது மச்சான். யாரிடமும் சொல்லாதே.

எதிர்க்கூட்டத்துக்குத் தலைவி யார் தெரியுமா? உன் அக்காவோடு தேவாலயத்தில் பாடுகிற லூயெல்லா. எழுபது தாண்டியும் வில்லைத் தூக்கிக்கொண்டு சதுப்பில் இறங்குகிறவள். அந்தத் திமிர். "ஒரே குவியல்ல அத்தனை மானும் வாய வச்சா நோய் பரவுது வெர்னன். அதுவும் போக, நீங்க செய்யறது வேட்டையில்ல, ஓட்டல் நடத்துறது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்ன கையோடு வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து, எல்லாருக்கும் இலவசம், மசோதா பற்றிப் பேச்சே கிடையாது என்று அறிவித்துவிட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அந்தப் பக்கமாக வண்டியில் போனபோது கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினேன். அடுத்த வாரம் உன் அக்காவுக்குத் துணையாகப் போய், வாசலோரம் நின்றபடி ஒரே ஒரு துண்டு சாப்பிட்டேன். அதற்கடுத்த வாரம் போனால், சமையலறைக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலி.

"வாங்க வெர்னன், உங்க முட்டிக்குன்னே தனியா எடுத்து வச்சேன்" என்றாள் லூயெல்லா.

"நான் உங்க கட்சி இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

"மீனுக்கு ஏதுங்க கட்சி? சூடா இருக்கு, சாப்பிடுங்க."

மரியாதை தெரிந்தவள் என்று நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் நாலு துண்டு மீனை முடித்துவிட்டு, இரண்டாவது துண்டு செர்ரி கேக் வாங்கலாம் என்று மேசையைப் பிடித்து எழுந்தேன். அந்த நொடியில் அவள் மேடையில் ஏறி, "மசோதா வேண்டாங்கறவங்க எல்லாம் எழுந்திருங்க!" என்றாள். பளிச்சென்று ஒரு கேமரா வெளிச்சம். உட்கார்ந்திருக்கலாமே என்பாய். என் முட்டி ஒரு தடவை நிமிர்ந்தால் சட்டென்று மடங்காது மச்சான். "பாருங்கடா, வெர்னனே எழுந்துட்டாரு!" என்று கூடமே கைதட்டுகிறது, நான் தட்டோடு மரம் மாதிரி நிற்கிறேன். நடந்தது இவ்வளவுதான். இதை வைத்து என்னைக் கட்சி மாறியவன் என்பது அநியாயம்.

ஆகவே தைரியமாக ஆதரித்து வாக்களி. உன் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நீ அடுத்த தேர்தலிலும் ஜெயித்து அமோகமாக இரு.

சொன்ன சொல் மாறாத,
வெர்னன் டைக்ஸ்ட்ரா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மானப் பத்தி எழுதினதையும் வெள்ளிக்கிழமையப் பத்தி எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க" என்றாள். படித்தேன். "எனக்கென்ன புத்தியா இல்ல? இனிமே அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கமாட்டேன்" என்றேன். "இந்த வாரம் கேக்கோட ஐஸ்கிரீமும் உண்டாம்" என்றாள். மச்சான், எல்லாம் தெரிந்தும் நான் போகத்தான் போகிறேன். அந்த மானை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மசோதாவை எதிர்த்தே வாக்களித்துவிடு.