மூன்று கடைக்கு ஒரே முறை

தகப்பனுக்குச் சவப்பெட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கிய மனிதரிடம், "திரும்பவும் வாங்கோ ஐயா," என்றாள் கடையில் வேலைசெய்யும் சிசிலியா.

அவர் நின்று திரும்பினார். "அடுத்தது ஆருக்குப் பிள்ளை?"

சிசிலியா பக்கத்தில் நின்ற பிலிப்பைப் பார்த்தாள். அப்படிச் சொல்ல வேண்டுமென்று சட்டம் போட்டவர் அவர்தான்.

பிலிப்பு கொழும்பில் பெரிய கம்பனியொன்றில் மனேச்சராக இருந்தவர். ஆடிக் கலவரத்தில் எல்லாம் எரிந்துபோக, கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து மனைவியின் அண்ணன் சிமியோன் வீட்டில் ஒதுங்கியிருந்தார். சிமியோனுக்குக் குருநகரில் பேக்கரி, கொக்குவிலில் புடைவைக்கடை, வட்டுக்கோட்டையில் புதிதாகச் சவப்பெட்டிக்கடை.

"மூண்டும் மூண்டு மாதிரி நடக்குது மச்சான். ஒரேமாதிரி ஆக்கிக் காட்டும். மார்கழி நத்தாரோடை வேலையை நிரந்தரமாக்குவம்," என்றிருந்தார் சிமியோன்.

மச்சான் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காமல் தவித்த மனிதருக்கு அது போதாதா? மூன்று கடைக்கும் ஒரே வரவேற்பு, ஒரே வழியனுப்பு என்று தொடங்கிவிட்டார்.

இப்போது சட்டத்தைத் திருத்தினார். "இனி ஒருத்தரையும் 'வாங்கோ' எண்டு சொல்லக்கூடாது."

"இந்தக் கடையிலை மட்டும் சொல்லாமல் விட்டால் காணாதோ அண்ணை?"

"பிறகு ஒரேமாதிரி எங்கை பிள்ளை?"

கொக்குவிலில் கூறைச்சேலை எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "வாங்கோ" என்று யாராவது கூப்பிடுவார்கள் என வாசலிலேயே காத்து நின்றார்கள். உள்ளே நின்ற பிலிப்பு கண்ணால் அதட்ட, ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் ரோசத்தோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

பேச்சால்தானே வில்லங்கம் என்று பேச்சையே நிறுத்தினார். கைகூப்பி, தலைகுனிந்து, மௌனமாக நிற்க வேண்டும்.

குருநகரில் மகளின் கலியாணக் கேக்குக்குச் சொல்ல வந்த மார்கிரட், அப்படி நின்ற பேக்கரி யாகப்புவைக் கண்டு நெஞ்சில் கைவைத்தாள். "கடலுக்குப் போன என்ரை மனிசனுக்கு என்ன நடந்தது, யாகப்பண்ணை?"

அவளைத் தேற்றிக் கதிரையில் இருத்துவதற்குள் பிலிப்புக்கு வியர்த்துவிட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத காலம் அது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

நத்தார் முடிய சிமியோன் பேக்கரிக்குக் கூப்பிட்டனுப்பினார். பிலிப்பு மனத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டே போனார்.

"குறை சொல்லி முறைப்பாடு வந்ததுதான். ஆனால் ஒரு கடையிலையும் யாவாரம் குறையேல்லை," என்றார் சிமியோன். "முந்தி ஒரு கடையிலை வேலைசெய்யிற சனம் மற்றக் கடைச் சனத்தோடை கதையாதுகள். இப்ப ஒண்டுக்கொண்டு செய்தி அனுப்பி ஒற்றுமையா நடக்குதுகள். வேலை உமக்குத்தான்."

பிலிப்புக்குக் கண் கலங்கியது. சைக்கிளை மிதித்து நேரே வட்டுக்கோட்டைக்குப் போனார். சிசிலியா கைகூப்பித் தலைகுனிந்து நின்றாள்.

"வேலை கிடைச்சிட்டுது பிள்ளை. ஆனால் என்ரை எந்த முறை சரிவந்தது எண்டுதான் விளங்கேல்லை."

சிசிலியா கூப்பிய கையை மெல்ல இறக்கினாள்.

"மூண்டு கடையிலையும் ஒரேமாதிரிச் செய்யிறது ஒண்டே ஒண்டுதான் அண்ணை: உங்கடை சைக்கிள் வெளிக்கிட்ட உடனை, 'அண்ணை வாறார், கைகூப்புங்கோ' எண்டு அடுத்த கடைக்குப் பஸ்காரரிட்டைச் சொல்லிவிடுறது."