பெனம் சாரின் ஏழு கல்லும் என் ஒரு கல்லும்

செகந்திராபாத் திருமுல்கேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், அழைக்காமலேயே அடுத்தவர் சமையலறைக்குள் நுழையும் அதிகாரம் இரண்டு பேருக்கு உண்டு. ஒருவர் கேஸ் கசிவு பார்க்க வருகிறவர். அவராவது அடையாள அட்டையைக் காட்டுவார். இன்னொருவர் பெனம் சார்.

தெலுங்கில் தோசைக்கல்லுக்குப் பெனம் என்று பெயர். சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட, ஐம்பது இருக்கும். ஒரு புதுமனை புகுவிழாவில் எல்லோரும் ஹோமத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க, இவர் நேராகச் சமையலறைக்குப் போய்ப் புத்தம்புது நான்-ஸ்டிக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் துக்கம் விசாரித்தார்.

"இத வெச்சுக்கிட்டு, கைக்கு இவ்ளோ பெரிய கிச்சன்?" அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்து வரும்; கைக்கு என்றால் எதற்கு.

நான் கோயம்புத்தூர்க்காரன். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, மகளுக்குப் பிளஸ் டூ. எனக்கு மட்டும் இங்கே ஐ.டி. வேலை. வந்த முதல் மாதம் அலுவலகத்துக்கு வெளியே நான் வாய் திறந்து பேசியது ஆட்டோக்காரர்களிடம் மட்டும்தான். தோசை வாசம் வந்தால் வீடு மாதிரி இருக்கும் என்று வார்ப்பிரும்புக் கல் ஒன்று வாங்கினேன். சுத்தமாக இருக்கட்டுமே என்று சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கல் செங்கல் நிறத்தில் இருந்தது. துடைத்துவிட்டு மாவை ஊற்றினேன். ஒட்டிக்கொண்டது. சுரண்டினேன்.

அந்தச் சத்தம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பெனம் சார் காதில் விழுந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சோப்பு போட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"ஊறவும் வெச்சீங்களா?"

"ஆமாங்க, ஒரு நாள்..."

"நக்கோ. மேல சொல்லாதீங்க. எனக்கு பீபி இருக்கு."

மறுநாளிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு வர ஆரம்பித்தார். முதல் மூன்று நாள் கல் வடிகஞ்சியில் ஊறித் துரு விட்டது. அப்புறம் நல்லெண்ணெய். நான் தாராளமாகச் சாய்த்ததும் கையைத் தட்டிவிட்டார்.

"குளிப்பாட்டாதீங்க. மூஞ்சிக்கு பவுடர் போடற மாதிரி, லேசா."

பழைய வேட்டித் துணியால் தடவுவார், சின்னத் தீயில் காய வைப்பார், பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தித் தேய்ப்பார். கல் ஆறும் வரை எங்களுக்குப் பேச்சு. கிரிக்கெட், பம்புசெட், அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. சில நாள் என்னை விட்டுவிட்டுக் கல்லோடு பேசுவார். அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கல் பழகிவிட்டால் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார். "வேலை முடிஞ்சிருச்சுல்ல. சும்மா போய் உக்காந்தா யாருக்குப் பிடிக்கும்?" என்பார். மூன்றாம் மாடியில் முதல் தோசை முறுகலாக எழும்பிய அன்று, அதைச் சாப்பிடக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாராம்.

ஒரு ஞாயிறு மதியம், அவர் விட்டுப்போன வேட்டித் துணியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஏழு கல் மாட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் முகம் பார்க்கலாம். மேஜையில் மெஸ்ஸில் வாங்கிய தயிர்சாதப் பொட்டலம் பிரித்தபடி இருந்தது.

"வீட்ல சமைக்கறதில்லீங்களா சார்?"

"ஹவ், ஆமா, சமைக்கறதில்ல. வீட்டுக்காரி போய்ச் சேந்து அஞ்சு வருஷமாச்சு. ஒரு ஆளுக்கு எத்தனை தோசை சுடறது? துரு ஏறாம எண்ணெய் மட்டும் தடவி வெப்பேன்."

வேட்டித் துணியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் காலை, அலுவலகம் கிளம்பும் முன் ஒரு தோசை ஊற்றிப் பார்த்தேன். கரண்டி படுவதற்குள் தானாக எழும்பி வந்தது. என் மனைவிகூட இப்படிச் சுட்டதில்லை. இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போகாது என்ற தைரியத்தில் சொல்கிறேன். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்திருக்கும். இனி ஏழு மணிக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது உறைத்ததும் பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலையில் வந்தவர், "இன்னிக்கு ஊத்திப் பாக்கலாம்" என்றார். நான் அடுப்பைப் பற்ற வைத்த கையோடு, கல் காயும் முன்பே மாவை ஊற்றிவிட்டேன். காயாத கல்லில் எந்தத் தோசையும் எழும்பாது. கந்தல் கந்தலாக வந்தது.

பெனம் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மாவு விழுந்தபோது வர வேண்டிய 'சொய்' வரவில்லை. வராந்தாவிலிருந்தே சுரண்டும் சத்தத்தைக் கேட்டவருக்கு இது தெரியாமலா இருக்கும்? என் முகத்தையே பார்த்தார். நான் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"இன்னும் பழகல" என்றார் மெதுவாக. "ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டுங்க சார்."

கந்தல் தோசையைப் பிய்த்து இருவரும் சாப்பிட்டோம். அந்த ஒரு வாரம் ஆரம்பித்து இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது.

நேற்று காய்ச்சல் என்று அவர் வரவில்லை. ஏழேகால் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கல்லையும் மாவையும் தூக்கிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.