உப்புக்கடலை தின்ற அணில்

சரியாக இரண்டு மணி நேரமாக ஹேசல் தன் வீட்டில் ஓர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்ததே நான்கு அறைகள்தான்.

ஓட்டை இருந்தே ஆக வேண்டும். பரணில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மரச்சட்டங்களின் மேல் நடந்தபோது, அவளுடைய வலது கால் சட்டத்தைத் தவறவிட்டது. குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சையும் அடியிலிருந்த சாந்தையும் பொத்துக்கொண்டு தொடை வரை கீழே இறங்கிவிட்டது. ஏதோ ஓர் அறையின் வெதுவெதுப்பான காற்று பாதத்தில் பட்டது. காலை உருவிக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடி வந்து பார்த்தால், எல்லா அறைகளுக்கும் மேலே உட்கூரை முழுசாக இருந்தது.

சனிக்கிழமை. கணவன் நீல் பிள்ளைகளை நீச்சலுக்கு அழைத்துப் போயிருந்தான். அப்பா வழக்கமான நடைக்குப் போயிருந்தார். ஹேசல் கழிப்பறையின் மேற்புறத்தை மூன்றாவது முறையாக அண்ணாந்து பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தூசி உறிஞ்சும் இயந்திரம் உறுமியது.

அப்போதுதான் புரிந்தது. ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெரு முழுவதையும் ஒரு நூற்பாலை முதலாளி வரிசையாக ஒட்டுவீடுகளாகக் கட்டியிருந்தார். செங்கல் மிச்சம் பிடித்த மனிதர். கீழே வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. மேலே, கூரைக்கடியில், கிடையாது. பரண் எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு நீளமாக இருக்கிறதே என்று அவள் மகிழ்ந்துபோய் நடந்தது, பக்கத்து வீட்டு மார்லீனின் தலைக்கு மேலே.

ஹேசல் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எதை அளக்கிறோம் என்று முதலில் பாருங்கள் என்று தினமும் பிள்ளைகளிடம் சொல்பவள்.

வேறு யார் வீடாக இருந்தாலும் பரவாயில்லை. பரணை அறையாக மாற்ற வேண்டுமென்றால் இரும்பு உத்தரங்கள் பொதுச்சுவரில் உட்கார வேண்டும். அதற்கு மார்லீன் கையெழுத்துப் போட வேண்டும். அறை வந்தால் ஹேசலும் நீலும் மேலே போய்விடுவார்கள், அவர்களுடைய படுக்கையறை அப்பாவுக்கு. அம்மா இறந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த அப்பா டெரிக், இரண்டு வருடமாக முன்னறை சோபாவில்தான் படுக்கிறார். அவருடைய சட்டைகள் டிவிக்குப் பின்னால் தொங்குகின்றன. விருந்தாளி வந்தால் ஹேசல் முதலில் அந்தச் சட்டைகளைத்தான் மறைப்பாள். பிறகு, மறைத்ததற்காக வெட்கப்படுவாள்.

எலுமிச்சை கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். கதவு ஒரு சாண்தான் திறந்தது. மார்லீன் ஓய்வுபெற்ற நர்ஸ், கணவரை இழந்தவள், எப்போதும் பளிச்சென்று இருப்பவள். இப்போது தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. படுக்கையறைல கொஞ்சம் சாந்து விழுந்துடுச்சு."

மன்னிப்பு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெளியே வந்தது வேறு.

"அணிலா இருக்குமோ?"

மார்லீன் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"அணிலேதான். நானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கேக்கை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஹேசல் வாசலிலேயே நின்றாள். தான் சொன்ன பொய்க்குக் கண்ணால் கண்ட சாட்சி எப்படிக் கிடைத்தது என்று விளங்கவில்லை. பாவம், வயதாகிறது, என்ன சொன்னாலும் நம்புகிறாள் என்று நினைத்தபோது வெட்கம் இன்னும் கூடியது.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். அணில் விஷயத்தை. கூரையை உடைக்கிற அணிலா என்று நீல் சந்தேகப்பட்டான். அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "இப்பல்லாம் அணிலுங்க ரொம்ப முரட்டுத்தனமா வளருது" என்றார். அப்பாவே ஒத்துக்கொண்டது ஹேசலுக்குத் தெம்பாக இருந்தது.

நீல் எதையும் முறையாகச் செய்கிறவன். அணில் பிடிக்கும் ஆளை வரச் சொல்லிவிட்டான். அணில் இல்லாத பரணுக்கு அணில்காரன் வந்தால் என்ன ஆவது? அவன் வருவதற்கு முன் ஹேசல் மேலே ஏறி, வீட்டில் கையில் அகப்பட்ட ஒரே கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அங்கங்கே தூவிவிட்டு வந்தாள். மதுக்கடையில் நீல் வாங்கியது.

ட்ரெவர் என்ற அந்த ஆள் பரணிலிருந்து இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டினான். ஒரு கடலையை வாயில் போட்டும் பார்த்துவிட்டான்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். வறுத்து உப்புப் போட்டுத் திங்கற அணில இப்பத்தான் பாக்கறேன்."

"மதுக்கடைக் குப்பைலேருந்து தூக்கிட்டு வந்திருக்கும்" என்றாள் ஹேசல். சொல்லும்போதே காது சுட்டது.

ட்ரெவர் இரண்டு கூண்டுகளை வைத்துவிட்டுப் போனான். நான்காம் நாள் பரணில் நிஜமாகவே ஓர் அணில் வந்து சேர்ந்தது. கூண்டை அது திரும்பியும் பார்க்கவில்லை. உப்புக்கடலையைத் தின்று முடித்து, தாகத்துக்கோ என்னவோ, மின்கம்பியைக் கடித்தது. இரண்டு வீட்டிலும் விளக்கு அணைந்தது. வேலையை ஒப்புக்கொண்டிருந்த கட்டடக்காரர் கேரத் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அணில் இருக்கிற கூரையில் தன் ஆட்கள் கைவைக்க மாட்டார்கள், இனி வசந்தத்துக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

மார்லீனின் ஓட்டையையாவது அடைத்துக் கொடுக்கிறேன் என்று நீல் போனான். படுக்கையறைக்குள் யாரையும் விட முடியாது, அட்டை வைத்து ஒட்டியாகிவிட்டது என்று அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பயந்துபோயிருக்கிறாள் என்றான் நீல்.

மறுநாள் காலை முன்னறையில் அப்பா போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். காலடியில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை இப்போதைக்கு வராது என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதனால என்னம்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மார்லீனை அழைத்தாள். பிள்ளைகளை நீலின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவமானப்படும்போது அவர்கள் பார்க்க வேண்டாம்.

மாட்டிறைச்சி வறுவலும் குழம்பும் பரிமாறி முடித்ததும், "மார்லீன், அது அணில் இல்ல. என் கால்" என்றாள்.

நீலின் கத்தி தட்டில் நின்றது. ஹேசல் நிறுத்தவில்லை. அளவு நாடா, கேக், கடலை எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கடலை போன இடம் அப்போதுதான் நீலுக்குத் தெரிந்தது.

"இத்தன நாளா உங்கள ஏமாத்திட்டேன். உங்க முகத்தப் பாக்கவே கூசுது. கையெழுத்துப் போடாட்டியும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மார்லீன் கோபப்படவில்லை. அவள் கழுத்தில் தொடங்கிய சிவப்பு மெல்லக் காது வரை ஏறியது. அவள் ஹேசலைப் பார்க்கவில்லை. டெரிக்கைப் பார்த்தாள்.

"ஆனா நீங்களே அணிலப் பாத்ததா சொன்னீங்களே?" என்று ஹேசல் கேட்டாள்.

அப்பா தட்டில் மிச்சமிருந்த குழம்பை நிதானமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவள ஏன் கேக்கற? அவ சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்திருந்தா. மல்லாந்து படுத்திருந்தவன் நான்தான். தொங்குன அந்தக் காலப் பாத்ததும், செத்துப்போன உங்கம்மாதான் என்னை உதைக்க மேலேருந்து எறங்கிட்டான்னு நெனச்சேன்."