நாலு மணிச் சத்தம்

இருகரை நாட்டுக்குக் கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல். நடுவே இவ்வளவு தரை வீணாகக் கிடப்பதை மன்னர் ஒருநாள் கவனித்தார். அப்போது தேர்தலுக்கு ஓராண்டு இருந்தது.

கடல் தாண்டிய நாடுகள், சத்தத்தைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தன. மன்னர் மாடத்தில் நின்று அறிவித்தார். "அவர்கள் நூறு பேரை ஏற்றினால் நாம் முந்நூறு பேரை ஏற்றுவோம். என் குடிமகன் கிழக்குக் கரையில் ஒன்பது மணிக்குக் கிளம்பி, மேற்குக் கரையில் அதே காலை எட்டு மணிக்கு இறங்குவான்." மிச்சமாகும் ஒரு மணி நேரம் அரசுக்குச் சொந்தமா, பயணிக்குச் சொந்தமா என்று ஆராய உடனே ஒரு குழு அமைந்தது.

எங்கள் நடுவூரில்தான் விமானக் கொட்டகை. என் அப்பா அங்கே தச்சர். விமானத்தில் தச்சருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தச்சரைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை. மன்னர் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக அதை முதலில் மரத்தில் செய்தார்கள்.

"இடது பக்கம் மட்டும்தான் இருக்கு பாப்பா," என்றார் அப்பா ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "வலது பக்கம் யாரும் போயிடக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கோம். இதை வெளிய சொல்லிடாத."

அதன் இறக்கைகள் மேலே போனதும் பின்னால் மடங்க வேண்டுமாம். மடக்கும் கீல் யானைக் கனம் கனத்தது. அந்தக் கனத்தோடு முந்நூறு பேரைத் தூக்க முடியாது என்று பொறியாளர்கள் கைகட்டிச் சொன்னபோது, வேகத்துறை அமைச்சர் மாறவேள் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பயணிகளைக் குறைத்துப் பாருங்கள்."

குறைத்துப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லாதபோது விமானம் காகிதத்தில் அருமையாகப் பறந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். சத்தத்தை முந்திப் போகும் விமானம், போகிற வழியெல்லாம் தனக்குப் பின்னால் ஓர் இடியை இழுத்துக்கொண்டு போகும். கீழே இருப்பவர்கள் பயந்துவிட்டால்? விமானம் வருவதற்குள் மக்கள் இடிக்குப் பழகிவிட வேண்டும் என்று ஆணை வந்தது. எங்கள் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. வடக்குக் குன்றின்மேல் பன்னிரண்டு பீரங்கிகளை ஏற்றினார்கள். காலை ஏழு மணி தொடங்கி ஒரு நாளைக்கு எட்டு முறை சுட்டார்கள். அந்த விமானத்தில் முழுதாகக் கட்டி முடிந்தது அதன் சத்தம் மட்டும்தான்.

முதல் வாரம் ஜன்னல் கண்ணாடிகள் போயின. அடுத்த மாதம் எங்கள் அடுப்படிச் சுவர் உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. புகார் எழுதப் போனவர்களிடம், "சத்தம் கேட்டு சுவர்தானே பிளந்தது, நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, நன்றாக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். மெல்ல ஊர் பழகியது. அம்மா ஏழு மணிக்கு ஒரு நிமிடம் முன்பே பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைத்துவிடுவாள். பள்ளியில் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நாலு மணி இடிதான் வீட்டுக்குப் போகும் நேரம்.

நான் மட்டும் பழகவில்லை. எனக்குப் பதினைந்து வயது, அல்லி என்று பெயர். ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப் போடும்.

அதற்கும் ஒரு பரிசோதனை இருந்தது. பழக்க அலுவலர் கோதண்டம் வீடு வீடாக வருவார். எல்லோரும் வரிசையாக நின்று, விரித்த உள்ளங்கையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைத் தாங்க வேண்டும். இடி இடிக்கும்போது தண்ணீர் சிந்தினால் பழகாதவர். மூன்று முறை சிந்தினால் குன்றுக்குக் கொண்டுபோய், பீரங்கிக்குப் பக்கத்தில் உள்ள ஒலிக்கூடத்தில் பழகும்வரை வைத்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டு மயிலா அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினாள். இப்போது அவள் கையில் டம்ளர் அசையாது. "மயிலா, ஏ மயிலா!" என்று அவள் அம்மா கொல்லையிலிருந்து கத்துவாள். மயிலா திரும்பமாட்டாள். அவளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

நான் இரண்டு முறை சிந்தியிருந்தேன்.

மூன்றாவது பரிசோதனைக்குக் கோதண்டம் ஒரு வியாழக்கிழமை வந்தார். பரிசோதனை நாளில் பள்ளிக்கும் வேலைக்கும் விடுப்பு. நாலு அடிக்க மூன்று நிமிடம். அப்பா, அம்மா, நான் வரிசையாக நின்றோம்.

"சின்னப் பிள்ளை ஐயா, கொஞ்சம் பாத்து..." என்றாள் அம்மா.

"அரசாங்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது அம்மா. டம்ளரைக் கவனியுங்கள்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயிலாவின் முகம் வந்தது. கோதண்டத்தின் கடிகாரம் நாலைத் தொட்டது.

இடி வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. தெருவில் யாரோ பயத்தில் கத்தினார்கள். அம்மாவின் கை கிடுகிடுவென்று ஆட, டம்ளர் கீழே விழுந்தது. "என்னாச்சு? ஏன் வெடிக்கல?" என்று அப்பா வாசலுக்கு ஓடினார். போகிற வழியெல்லாம் தண்ணீர். கோதண்டத்தின் கோப்பு நழுவிக் காகிதங்கள் நனைந்தன. எங்கோ ஒரு காகம் கரைந்தது. ஆறு மாதத்தில் முதல்முறையாக என் உடம்பு சும்மா இருந்தது. என் டம்ளரில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கோதண்டம் என்னையே பார்த்தார்.

"நீ ஏன் பதறவில்லை?"

"சத்தமே வரலையே ஐயா."

"அதைத்தான் கேட்கிறேன்," என்றார். முடிவு எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வானொலியில் சொன்னார்கள். பேரவை அன்று மதியம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் விமானத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. பீரங்கிக்காரர்களும் கீழே இறங்கிவிட்டார்கள்.

ஊர் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். மறுநாள் நாலு மணி ஆனது தெரியாமல் ஆசிரியர் இருட்டும்வரை பாடம் நடத்தினார். பால்காரர் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று தெரியாமல் முச்சந்தியில் நின்றார். அதற்கடுத்த நாள் பழக்க அலுவலக வாசலில் கூட்டம் கூடி, "எங்க சத்தத்தைக் குடு! எங்க சத்தத்தைக் குடு!" என்று கத்தியது. எதிர்க்கட்சிக்காரர் மேடையேறி, தாங்கள் வந்தால் ஒரு நாளைக்குப் பதினாறு இடி என்று வாக்களித்தார்.

மாறவேள் அன்றே அறிக்கை விட்டார். "பேரவை தடைசெய்தது விமானம் கட்டுவதை மட்டும்தான். பறப்பதைத் தடைசெய்யவில்லை. கடந்த வியாழன் நாலு மணிக்கு நம் விமானம் நடுவூருக்கு மேல் வெற்றிகரமாகப் பறந்தது. வேகம் காரணமாக யார் கண்ணிலும் படவில்லை. அதன் சத்தத்தை ஊரே கேட்டது."

கேட்டவர்கள் கையெழுத்திட வேண்டும். கேட்காதவர்களுக்குக் காது பழகவில்லை என்று பொருள். அவர்களுக்காக ஒலிக்கூடம் தொடர்ந்து இயங்கும்.

கோதண்டம் எங்கள் வீட்டுக்குத் திங்கட்கிழமை வந்தார். நாற்பதாயிரம் கையெழுத்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். மயிலாவின் கையெழுத்து முதல் பக்கத்திலேயே இருந்தது. அப்பா கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், சட்டையெல்லாம் மரத்தூள். பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் தெரிந்தவர்கள் பெயர். கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள்.

"அல்லி," என்றார் கோதண்டம். "உன் மூன்றாவது முடிவு இன்னும் எழுதவில்லை. வியாழக்கிழமை உனக்குக் கேட்டதா?"

அம்மா என் முதுகில் விரலால் அழுத்தினாள்.

"கேட்டுச்சு ஐயா."

"எப்படிக் கேட்டது?"

"வழக்கத்தைவிட பலமா."

அவர் முகம் மலர்ந்தது. கட்டத்தில் 'தேர்ச்சி' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை. எனக்கே அது பிடிக்கவில்லை.

அவர் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று காலையில்கூட அந்த மர விமானத்துக்கு அடியில் பெருக்கிவிட்டு வந்தவர் அவர்.

"பாப்பா, நீ பொய் சொல்லமாட்ட. நிஜமாவே கேட்டுச்சா?"

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

"நல்லாவே கேட்டுச்சுப்பா."

அப்பா மெதுவாக ஒரு காதைப் பொத்திப் பார்த்தார். அப்புறம் இன்னொன்றை.

"அப்ப எனக்குத்தான் கேக்கல," என்றார். எழுந்து வாசலுக்குப் போய், "ஐயா, ஒரு நிமிஷம்," என்று கூப்பிட்டார்.